ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. ராமநாதபுரத்தில் ஒரு வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தலையெழுத்து. மதுரையில் இருக்கும் அண்ணன், கோயம்புத்தூரில் இருக்கும் பெரியம்மா மகள், சென்னையில் இருக்கும் மூத்தார் குடும்பம் என்று ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். "ராமேஸ்வரம் வருகிறோம். உன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்கிறோம்." அந்த ஒரு ராத்திரி மூன்று ராத்திரியாக நீளும். வேன் பேசுவது, விடிவதற்கு முன் எழுப்புவது, புளியோதரை கட்டுவது, வழியில் யாருக்காவது குமட்டினால் எலுமிச்சம்பழம் நீட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஒரே பயணத்தை இருபது முறைக்கு மேல் போய் வந்திருக்கிறேன். எந்தக் கிணற்றருகே குழந்தைகள் வழுக்கி விழுவார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

மற்ற மாதங்களில் என் பிழைப்பு வேறு. பிறர் எழுதியவற்றைச் செப்பனிட்டுக் கொடுப்பவள் நான். கட்டுரை, கதை, ஓய்வுபெற்றவர்களின் தன்வரலாறு, கோயில் மலர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுத உட்கார்கிறேன், முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. எனக்கு எழுத வராதோ?" இதற்கு நான் பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்த ஒரே பதில், எங்கள் ராமேஸ்வரப் பயணத்தை வைத்துச் சொன்னதுதான்.

எழுதுவது என்பதை நாம் ஒரே வேலையாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நான்கு வேலைகள். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்துச் சேகரிப்பது ஒன்று. அதைக் கொட்டி ஒரு வரைவாக்குவது இன்னொன்று. வரைவைக் கலைத்து, வெட்டி, மாற்றி அடுக்கும் திருத்தம் மூன்றாவது. எழுத்துப் பிழையும் புள்ளியும் பார்க்கும் மெய்ப்பு கடைசி. நான்கும் ஒரே ஆள் செய்வதால் ஒரே நேரத்தில் செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. முதல் வாக்கியம் முடிவதற்குள் 'கோயிலுக்குப் போனோம்' என்பதில் ப் வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர், வேன் ஏறுவதற்கு முன்பே சன்னதியில் கைகூப்பி நிற்க ஆசைப்படுகிறவர்.

இதை விளக்க என் மருமகளின் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன். (எங்கள் பக்கம் அண்ணன் மகளும் மருமகள்தான்.) 2025 மே மாதம் அண்ணன் குடும்பத்தோடு வந்து போனாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவள். பள்ளி திறந்ததும் வழக்கம்போல ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள்: 'நான் சென்ற சுற்றுலா.' தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரும் இந்தத் தலைப்பிலிருந்து தப்பியதில்லை.

வேன் பேசும் முன் நடக்கும் சண்டை

புறப்படுவதற்கு முந்தைய இரவு எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். அண்ணன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ராமநாதசுவாமி கோயில், தனுஷ்கோடி, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, ஏர்வாடி தர்கா, தேவிபட்டினம் நவபாஷாணம். எல்லாம் ஒரே நாளில். தேவிபட்டினம் எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கிறது, திருப்புல்லாணி தெற்கே, ராமேஸ்வரம் கிழக்கே 55 கிலோமீட்டர். இதை அவனுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன். ஆண்டுதோறும் அவன் கூகுள் வரைபடத்தைக் காட்டுகிறான்.

சண்டையை முடித்து வைப்பவர் எங்கள் அப்பா. அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு கேட்காது? அதைச் சொல். மற்றது வழியில் அமைந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

எழுதத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சியும் இந்தக் கேள்விதான். சட்டகம், உட்தலைப்பு, முன்னுரை எல்லாம் பிறகு. இந்தக் கட்டுரையில் எதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது? ஒரு வரியில் எழுதி மேசையில் வையுங்கள். அந்த வரி கட்டுரைக்குள் வர வேண்டும் என்றுகூட இல்லை. வேன் ஓட்டுநர் கிளம்பும் முன் "முதலில் எங்கே?" என்று கேட்பாரே, அவருக்குச் சொல்லும் பதில் அது.

கூட வருகிறவர் யார் என்பதும் பயணத்தை மாற்றும். கல்லூரிப் பையன்களோடு போனால் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனையில் இரண்டு மணி நேரம். திதி கொடுக்க வந்தவர்களோடு போனால் அக்னி தீர்த்தக் கரையிலேயே காலை கழிந்துவிடும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் என்றால் கூட்டத்துக்குப் பயந்து பலர் தேதியையே மாற்றுவார்கள். சாலை ஒன்றுதான், பயணம் வேறு. உங்கள் கட்டுரையைப் படிக்கப் போகிறவர் ராமேஸ்வரத்தையே பார்க்காதவரா, பக்கத்து ஊரான மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவரா? முன்னவருக்குத் தீர்த்தம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பின்னவருக்குச் சொன்னால் சிரிப்பார்.

பிழிந்துகொண்டே போனால் கோடி தீர்த்தம் வராது

வரைவைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஆள்கள் மூழ்கும் இடம் இதுதான்.

ராமேஸ்வரம் போகாதவர்களுக்காக: கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் கடல்தான் அக்னி தீர்த்தம். அதில் முழுகி எழுந்து, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போக வேண்டும். உள்ளே 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலும் கிணறுகள். மேலே நிற்பவர் வாளியை விட்டு இறைத்து, வரிசையில் வருகிறவர்களின் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

என் மருமகள் முதல் கிணற்றில் நீர் விழுந்ததும் ஓரமாக நின்று முடியைப் பிழிந்தாள். துப்பட்டாவைப் பிழிந்தாள். முகத்தைத் துடைத்தாள். இரண்டாவது கிணற்றிலும் அதேதான். நான்காவது கிணறு வந்தபோது நாங்கள் யாரும் அவள் கண்ணில் படவில்லை, பின்னால் வந்த கூட்டம் அவளை இடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "இன்னும் 18 இருக்கிறது. கடைசியில் ஒரே தடவையாகப் பிழிந்துகொள்ளலாம், வா."

ஜூலையில் அவள் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது செய்ததும் இதையேதான். அண்ணி கைப்பேசியில் காட்டினாள்: முதல் வரி, அதன் மேல் ஒரு கோடு, மறுபடியும் முதல் வரி, மறுபடியும் கோடு. 'சென்றோம்' என்பதா 'போனோம்' என்பதா, 'போனோம்' என்றால் முன்னால் ப் வருமா வராதா என்று ஒரு மணி நேரமாக யோசனை. நான் வேறெதுவும் சொல்லவில்லை. "நீ நாலாவது கிணற்றில் நின்றுகொண்டு துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருக்கிறாய்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று இரவே மூன்று பக்கம் எழுதி முடித்தாள்.

ஒரு வாக்கியத்தை எழுதியவுடனே சரிசெய்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். இரண்டு தவறுகள். ஒன்று, எழுதுகிற மனமும் குற்றம் பார்க்கிற மனமும் ஒரே இருக்கையில் உட்கார முடியாதவை. குற்றம் பார்க்கிற மனம் வாய் திறந்தால் எழுதுகிற மனம் வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று, இன்று நீங்கள் ஒரு மணி நேரம் செதுக்குகிற அந்த முதல் பத்தி, நாளை திருத்தும்போது முழுதாக வெளியே போகக்கூடும். என் அனுபவத்தில் பத்தில் ஏழு கட்டுரைகளுக்கு அப்படித்தான் ஆகிறது. பிழிந்து காயவைத்த துணியை மறுபடியும் நனைக்கப் போகிறோம் என்றால் எதற்குப் பிழிய வேண்டும்?

சரி, ஒரு விவரம் தெரியவில்லை, ஒரு சொல் நினைவுக்கு வரவில்லை, என்ன செய்வது? இடம் விட்டுவிட்டுப் போங்கள். ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தால் போதும். 'பாம்பன் பாலம் ____ ஆம் ஆண்டு திறக்கப்பட்டது(?)' என்று எழுதிவிட்டு நகருங்கள். ஆண்டைத் தேடி இணையத்துக்குள் போனால், பாலத்தின் நீளம், தூண்களின் எண்ணிக்கை, யாரோ எடுத்த காணொளி என்று போய், இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் திரும்பி வருவீர்கள்.

இதற்கு என் சிறுவயதிலிருந்து இன்னொரு காட்சியும் இருக்கிறது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை நின்றுவிடும். அங்கிருந்து வேனில், மணலிலும் கடல்நீர் தேங்கிய சேற்றிலும் ஆடி ஆடிப் போக வேண்டும். அந்த வேன் ஓட்டுநர்கள் நடுவழியில் நிறுத்தவே மாட்டார்கள். ஒருமுறை சித்தியின் செருப்பு கீழே விழுந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். "நின்றால் சக்கரம் புதைந்துவிடும் அம்மா, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது செருப்பு அங்கேயே கிடந்தது. வரைவின் நடுவில் ஒரு நல்ல சொல் கிடைக்காமல் நின்றுவிடத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்பு நினைவுக்கு வரும்.

மருமகளின் வரைவைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். அவள் அனுமதியோடுதான்.

"கடந்த மே மாதம் நாங்கள் ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா சென்றோம். காலை நான்கு மணிக்கு எழுந்தோம். பல் துலக்கினோம். குளித்தோம். அத்தை புளியோதரை கட்டினார். ஐந்து மணிக்கு வேன் வந்தது. பாம்பன் பாலத்திலிருந்து பார்த்தால் கடல் நீலமாக மிகவும் அழகாக இருந்தது. பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் பாலம் 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கோயிலில் 22 தீர்த்தங்களில் குளித்தோம். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. மதிய உணவு உண்டோம். பிறகு தனுஷ்கோடி சென்றோம். அங்கே இடிந்த கட்டடங்கள் இருந்தன. தாத்தா வேனிலேயே இருந்தார். அரிச்சல்முனையில் விளையாடினோம். மாலை வீடு திரும்பினோம். இது எனக்கு மறக்க முடியாத அனுபவமாக இருந்தது."

இருபத்திரண்டு இடங்களில் குளிக்கப் போகிறவர்கள் வீட்டில் எதற்குக் குளித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. (நாங்கள் எல்லோரும் குளித்துவிட்டுத்தான் போகிறோம்.) வரைவு என்ற அளவில் இதில் எந்தக் குறையும் இல்லை. அவள் 22 கிணறுகளையும் முடித்துவிட்டாள். கோடி தீர்த்தத்திலிருந்து சொட்டச் சொட்ட நிற்கிறாள். இதுதான் கட்டுரை என்று நினைத்ததில்தான் சிக்கல்.

உடை மாற்றும் அறை

தீர்த்தமாடி முடித்தவர்களை ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். உடை மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்க வேண்டும். எழுத்தில் பலரும் தாண்டிக் குதிக்கும் படி இந்த உடை மாற்றும் அறைதான்.

ஈரமாக இருப்பது என்றால் என்ன? மருமகளின் ஒரு வரியைப் பாருங்கள்: 'தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.' இதைப் படிக்கும்போது அவளுக்கு உடல் சிலிர்க்கிறது. விடிகாலை, கல்தரை, பின்னந்தலையில் வாளித் தண்ணீர் சாய்ந்த அதிர்ச்சி, பக்கத்தில் தம்பி போட்ட கூச்சல் எல்லாம் அவளுக்கு அந்த மூன்று சொற்களில் இருக்கின்றன. நான் படித்தால் மூன்று சொற்கள் மட்டும்தான் இருக்கின்றன. எழுதியவர் தன் வரைவைப் படிக்கும்போது, தாளில் இல்லாததையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே படிக்கிறார். அதனால் அவருக்குக் குறை தெரிவதில்லை. வாசகர் காய்ந்த துணியோடு வந்து நிற்கிறார். அவர்மேல் ஒரு சொட்டும் விழுந்ததில்லை.

ஆகவே நீங்கள் காய வேண்டும். ஒரு பக்கக் கட்டுரைக்கு ஓர் இரவு போதும். பெரியது என்றால் ஒரு வாரம். நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, கணினியில் எழுதியதைத் தாளில் அச்செடுத்துப் படியுங்கள், அல்லது எழுத்துருவை மாற்றிப் படியுங்கள். தாள் வேறு மாதிரி தெரிந்தால் கண்ணும் கொஞ்சம் அந்நியமாகும். எல்லாவற்றையும்விட நல்லது, இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது. அவர் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கே ஒரு கல் கிடக்கிறது.

நாங்கள் பாம்பனைக் கடந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக வைத்த தடை அது. ஆனால் கரையில் யாரும் சும்மா இல்லை. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிக்கொண்டும் பலகை மாற்றிக்கொண்டும் வண்ணம் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். கடலில் ஓடிக்கொண்டிருக்கும் படகின் அடிப்பலகையை யாராலும் பார்க்க முடியாது. கரையேற்றிக் கவிழ்த்தால்தான் எது உளுத்திருக்கிறது என்று தெரியும்.

எதை வெட்டுவது?

திருத்தத்துக்கு உட்காரும்போது பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு வர வேண்டும். எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம், எது முன்னால், எது பின்னால். சொல்லைத் தொடாதீர்கள், அதற்கு நேரம் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நான் வெளியே எங்கும் போவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லி வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல்தான். அதில் நான்கை மட்டும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல். சொன்னதையே சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்ப்பது, பொருளில்லாத சொற்களைக் கோப்பது, போகப் போகச் சரக்குத் தீர்ந்து மெலிந்து முடிவது. எனக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். என்னுடையவையும் விலக்கல்ல.

மருமகளிடம் தொலைபேசியில் கேட்டேன்: "கட்டுரையை மூடி வை. அந்த நாளில் உனக்கு என்ன நினைவிருக்கிறது?"

"அரிச்சல்முனையில் ஒரு பக்கம் கடல் கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்தது அத்தை. இன்னொரு பக்கம் இரைந்துகொண்டே இருந்தது."

பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அழகான காட்சிதான். ஆனால் அங்கே போய் வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் எழுதுகிறார்கள். முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஊருக்கே பொதுவானதாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. "அடுத்தது?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தாத்தா இறங்கவே இல்லை" என்றாள். "எல்லோரும் இடிந்த சர்ச் முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். அவர் வேனில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை."

வரைவில் அதற்குக் கிடைத்திருந்த இடம் மூன்று சொற்கள்: 'தாத்தா வேனிலேயே இருந்தார்.' பல் துலக்கியதற்குக் கிடைத்த அதே மரியாதை. கட்டுரை எதைப் பற்றியது என்பது வரைவுக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கும். எழுதி முடித்த பிறகுதான் அது கண்ணில் படும். புறப்படும் முன் அப்பா கேட்ட கேள்விக்கு அவளிடம் அப்போது இருந்த பதில் 'கடல்' என்பதுதான். திரும்பி வந்த பிறகு பதில் மாறிவிட்டது. மாறலாம், தப்பில்லை.

பாலத்தைத் தாண்டிவிட்டுத் திரும்புவது

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு படிகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டதால், ஒன்று முடிந்தால் அடுத்தது, திரும்பி வரக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1971இல் ஜேனட் எமிக் என்பவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து கவனித்தார். பிறகு லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும் அதே முறையில் எழுதுகிறவர்களைப் பதிவு செய்து, 1981இல் தங்கள் கருத்தை வெளியிட்டார்கள். திட்டமிடுவது, வாக்கியமாக்குவது, பார்த்துத் திருத்துவது மூன்றும் ரயில் நிலையங்கள்போல வரிசையாக வருவதில்லை, எந்த நேரத்திலும் ஒன்றின் நடுவில் இன்னொன்று எட்டிப் பார்க்கும் என்பது அதன் சாரம்.

அப்படியானால் கிணற்றில் நின்று பிழிவதும் சரிதானே என்று கேட்டுவிடாதீர்கள். தேவைக்காகத் திரும்புவது வேறு, பயத்தில் அதே இடத்தில் நிற்பது வேறு. அண்ணி ஒருமுறை மாற்றுத்துணிப் பையை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டாள். உச்சிப்புளி தாண்டியதும் தெரிந்தது. வேனைத் திருப்பினோம். ஈரத்தோடு சன்னதிக்குள் போக முடியாது என்று தெரிந்த பிறகு, திரும்பாமல் என்ன செய்வது?

மருமகளும் திரும்ப வேண்டியிருந்தது. திருத்தத்தின் நடுவில் மறுபடியும் சேகரிப்பு. தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். "நீங்கள் ஏன் அன்று இறங்கவில்லை?" அப்பா யோசிக்கவே இல்லை: "முழங்கால் வலி, வேறென்ன." அவள் விடவில்லை. அதற்கு முன் தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் அவர், எட்டு வயதில் தன் அப்பாவோடு அங்கே ரயிலில் போய் இறங்கியதைச் சொன்னார். எங்களுக்கே அவர் சொன்னதில்லை.

அதே சமயம் அவள் பாம்பன் ரயில் பாலத்தின் ஆண்டையும் சரிபார்த்தாள். 1941 இல்லை, 1914. எண்கள் இடம் மாறியிருந்தன. பார்க்கப் போன இடத்தில் இன்னும் பலவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 1964 புயலில் சேதமடைந்த பாலத்தை 46 நாள்களில் சீர்செய்தது, பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு லிஃப்டுபோல நேராக உயர்வது. எல்லாம் அருமையான செய்திகள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதியும் விட்டாள். "சுவரில் இரண்டாவது வரி" என்றேன். மற்றொன்று விரித்தல். மனமில்லாமல் வெட்டினாள். வெட்டியதை எறிந்துவிட வேண்டாம், இன்னொரு நோட்டில் ஒட்டி வை, அது வேறொரு கட்டுரை என்று சமாதானம் சொன்னேன். நானும் அப்படித்தான் செய்கிறேன். அந்த நோட்டிலிருந்து இதுவரை ஒரு கட்டுரையும் பிறந்ததில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

திருத்திய பிறகு கட்டுரையின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"தனுஷ்கோடியில் எல்லோரும் இறங்கினோம். தாத்தா இறங்கவில்லை. முழங்கால் வலி என்றார். வேன் சன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் ரயில் நிலையத்தின் சுவர் நின்றது. எட்டு வயதில் அங்கே தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறவர்களின் பெட்டிகளுக்கு நடுவில் கை நழுவிவிட்டது. கொஞ்ச நேரம் அழுதாராம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964 டிசம்பரில் புயல் வந்தது. ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் எடுத்துக்கொண்டது. நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டேன்."

முழங்கால் வலியை அவள் விட்டுவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அதை நீக்கினால் தாத்தா சினிமாத் தாத்தா ஆகியிருப்பார். பல் துலக்கல் போய்விட்டது, புளியோதரை போய்விட்டது (எனக்குச் சிறு வருத்தம்), நீலக்கடல் போய்விட்டது. 'மறக்க முடியாத அனுபவம்' என்ற வரியை அவளே அடித்திருந்தாள்.

தலை எண்ணுவது

மெய்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேன் கிளம்பும் முன் தலை எண்ணுவோமே, அது. எட்டுப் பேர், எட்டு ஜோடிச் செருப்பு, இரண்டு பை, கோடி தீர்த்தப் பாட்டில். அலுப்பான வேலை, ஆனால் ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் பாலம் ஏறினால் அன்றைய பயணத்தில் வேறெதுவும் நினைவில் நிற்காது. மருமகள் 'கடற்கறை' என்று எழுதியிருந்தாள். கறை என்றால் துணியில் படுவது. 'மனல்' என்று ஓரிடம், 'அரிச்சல்முணை' என்று ஓரிடம். 'தனுஷ்கோடிக்கு போனோம்' என்பதில் ப் விடுபட்டிருந்தது. முதல் நாள் அவளை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்த அதே ப். இப்போது அதைப் போட அரை நொடி ஆனது. கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படித்தால் இவை எளிதில் சிக்கும். கதையின் ஓட்டம் அறுந்துபோவதால் கண் எழுத்தைப் பார்க்கத் தொடங்கும்.

இந்த ஒப்புமை பொருந்தாத இடமும் இருக்கிறது. பயணத்தில் தவறவிட்டது தவறவிட்டதுதான். தாத்தாவிடம் அன்று வேனில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தாளில் அதை இரண்டு மாதம் கழித்தும் கேட்டுச் சேர்க்க முடிந்தது. பிறகு, எந்தப் பயணமும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடும். திருத்தம் அப்படித் தானாக முடியாது. யாராவது வந்து தாளைப் பிடுங்கினால்தான் உண்டு.

மருமகளிடமிருந்து பள்ளி பிடுங்கிக்கொண்டது. பத்துக்கு ஏழு மதிப்பெண். கட்டுரையின் அடியில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: 'முடிவுரை இல்லை.' அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நான் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்க் கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"என் அப்பா கை நழுவவில்லை. நான்தான் விட்டேன், கப்பல் பார்க்க" என்றார். "அவளுக்கு ஒரு போன் போடு."